எவ்வளவு ஆவி, எவ்வளவு காற்று: ஜான் ஸ்னோ போட்ட மயக்க மருந்துக் கணக்கு

ஆபரேஷன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது சர்ஜன் யார் என்றுதான். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்பவர்கள் குறைவு. அவர் வந்து ஒரு ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் எங்கும் போவதில்லை. நாம் கண் திறக்கும் வரை தலைமாட்டிலேயே இருந்து, மூச்சையும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தபடி, உடம்புக்குள் இப்போது எவ்வளவு மருந்து இருக்கிறது, போதுமா, கூடிவிட்டதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இந்தக் கணக்கை ஆரம்பித்து வைத்தவர்களில் முதன்மையானவர் லண்டனில் இருந்த ஜான் ஸ்னோ. காலராவையும் தெருப் பம்பையும் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அதே ஆள்தான். ஆனால் அவருக்குச் சோறு போட்ட தொழில் மயக்க மருந்து கொடுப்பது, காலரா ஆராய்ச்சி அதற்கு நடுவில் சொந்த ஆர்வத்தில் செய்தது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம், ஸ்னோ என்ன செய்தார் என்பது அப்புறம்தான் புரியும். ஈதர், குளோரோஃபார்ம் மாதிரியான மருந்துகள் திரவமாக இருக்கும், ஆனால் சட்டென்று ஆவியாகிவிடும். அந்த ஆவி கலந்த காற்றை உள்ளே இழுத்தால் அது நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகிறது. மூளையில் எவ்வளவு சேருகிறதோ அந்த அளவுக்கு மயக்கம் ஆழமாகிறது. காற்றில் ஆவியைக் குறைத்தால் போன வழியிலேயே திரும்பி மூச்சில் வெளியே வந்துவிடும், மயக்கமும் தெளியும். அதனால் எத்தனை சொட்டு ஊற்றினோம், எத்தனை ஸ்பூன் செலவானது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நோயாளி இழுக்கும் காற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆவி இருக்கிறது, அதை எவ்வளவு நேரம் இழுத்தார் என்பதுதான் விஷயம். இன்று மருத்துவ மாணவர்கள் ஆரம்பத்திலேயே படித்துவிடுகிற பாடம் இது. 1846 டிசம்பரில் லண்டனில் ஈதரைக் கையில் எடுத்தவர்களில் அனேகமாக யாருக்கும் இது தெரியாது.

ஸ்னோ வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. 1813 மார்ச் 15 அன்று யார்க் நகரில், ஊஸ் ஆற்றை ஒட்டிய ஏழைகள் தெருவில், நிலக்கரிக் கிடங்குத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். பிறகு எட்டுத் தம்பி தங்கைகள். 14 வயதில் நியூகாசிலில் வில்லியம் ஹார்ட்காசில் என்ற மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். பதினேழு வயது வாக்கில் புலாலை விட்டார், மதுவையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். 1836-இல் லண்டன் வந்து படித்து, 1838-இல் தகுதி பெற்று, சோஹோ பகுதியின் ஃப்ரித் தெருவில் சின்னதாகத் தொழில் தொடங்கினார். செல்வாக்கான உறவுக்காரர்கள் கிடையாது, ஆளை மயக்கும் பேச்சும் கிடையாது, குரல் வேறு கரகரப்பு. வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவச் சங்கத்தின் கூட்டங்களுக்கு மட்டும் தவறாமல் போவார். 1841-இலேயே, பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைகளை எப்படிப் பிழைக்க வைப்பது என்று அங்கே கட்டுரை வாசித்தார். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஈதர் லண்டனுக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே இந்த மனிதர் மூச்சு, நுரையீரல், வாயுக்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஈதர் வந்தபோது அவர் தயாராக இருந்தார்.

அது வந்த வேகம் அப்படி. 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில், வில்லியம் மார்டன் என்ற பல் மருத்துவர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் ஈதர் கொடுத்துக் காட்டினார். டிசம்பரில் செய்தி கப்பலேறி லண்டன் வந்தது. டிசம்பர் 19 அன்று ஜேம்ஸ் ராபின்சன் ஈதர் கொடுத்துப் பல் பிடுங்கினார், 21 அன்று ராபர்ட் லிஸ்டன் என்ற சர்ஜன் ஈதர் கொடுக்கச் செய்து ஒரு நோயாளியின் காலையே வெட்டி எடுத்தார். நாலு பேர் அழுத்திப் பிடிக்க, அலறலுக்கு நடுவே வேகவேகமாக அறுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊரே ஆடிப்போனதில் ஆச்சரியம் இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் ஸ்னோவும் ராபின்சன் ஈதர் கொடுப்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டார்.

ஆனால் ஈதர் ஒருவருக்கு வேலை செய்தது, அடுத்தவருக்குச் செய்யவில்லை. ஒருவர் இரண்டே நிமிஷத்தில் அயர்ந்துபோவார். இன்னொருவர் இருமுவார், கை காலை உதறுவார், பாதி நினைவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நோயாளியின் உடல்வாகு அப்படி என்றார்கள் சிலர், இந்த மருந்தையே நம்ப முடியாது என்றார்கள் சிலர். ஸ்னோவுக்கு அந்த விளக்கம் போதவில்லை. அவர் பார்த்தது மருந்து இருக்கிற பாத்திரத்தை.

ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா, அதே சங்கதிதான். திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஈதர் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிற பொருள், அத்தனை வேகமாக ஆவியாகும், அதனால் அத்தனை வேகமாகக் குளிர்ந்தும் போகும். அன்றைய கருவிகள் பெரும்பாலும் கண்ணாடி ஜாடிகள், உள்ளே ஈதரில் நனைத்த பஞ்சு. கண்ணாடி வெளியிலிருந்து சூட்டை எளிதில் உள்ளே விடாது. நோயாளி மூச்சு இழுக்க இழுக்க ஈதர் குளிரும், குளிரக் குளிர ஆவி குறையும். காற்று 20 டிகிரியில் ஈதர் ஆவியை முழுக்க ஏற்றுக்கொண்டால் அதில் பாதிக்கு மேல் ஈதராகவே இருக்கும். 10 டிகிரியில் அது ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு, 0 டிகிரியில் கால் பங்குதான். லண்டனின் ஜனவரிக் குளிரில் ஓர் அறையில் கணப்பு எரியும், இன்னொன்றில் எரியாது. அதே ஜாடி, அதே ஈதர், கிடைக்கும் மருந்து மட்டும் வேறு வேறு.

1847 ஜனவரி நடுவிலேயே, அதாவது ஈதரைக் கண்ணால் பார்த்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், எந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு ஈதர் ஆவியைப் பிடித்துக்கொள்ளும் என்று ஓர் அட்டவணை தயாரித்து ஸ்னோ சங்கத்தில் காட்டினார். அடுத்த வாரமே கருவியைக் கொண்டுவந்தார். சூடு எளிதில் கடக்கிற மாதிரி உலோகத் தகட்டில் செய்த வட்டமான டப்பா, உள்ளே காற்று சுற்றிச் சுற்றிப் போகச் சுருள் பாதை, டப்பாவைச் சுற்றி ஒரே வெப்பநிலையில் வைத்த தண்ணீர். தண்ணீரின் சூடு எவ்வளவு என்று தெரிந்தால் ஆவி எவ்வளவு என்று தெரியும். டப்பாவிலிருந்து நோயாளிக்குப் போகும் குழாயை நல்ல அகலமாக வைத்தார், மூச்சுத் திணறக் கூடாது என்று. பிறகு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடிக்கு மாறினார். அதிலிருந்த வால்வைக் கொஞ்சம் ஒதுக்கினால் வெளிக்காற்று உள்ளே கலக்கும், அதனால் முதல் சில மூச்சுக்கு ஆவியைக் குறைவாக விட்டு மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகலாம். எடுத்த எடுப்பில் காட்டமான ஆவி தாக்கினால் யாராக இருந்தாலும் இருமித் தள்ளிவிடுவார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார்.

விரைவில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அவரே ஈதர் கொடுக்க ஆரம்பித்தார். அந்த நாட்களில் தெருவில் ஒரு மருந்துக் கடைக்காரர் பெரிய ஈதர் கருவியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததாகவும், இவருக்கே இதில் இவ்வளவு தொழில் கிடைக்கிறதென்றால் தனக்கும் கிடைக்கும் என்று நினைத்ததாகவும் அவர் சொன்னதை நண்பர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் எழுதி வைத்திருக்கிறார். மயக்க மருந்து கொடுப்பது தனித் தொழில் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை. கையில் வேலை இல்லாத யாராவது கொடுப்பார்கள். அதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட முதல் மருத்துவர்களில் ஒருவர் ஸ்னோ.

அதே 1847-இல் ஈதர் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் தலை லேசாகும், ஆனால் தான் எங்கே இருக்கிறோம், என்ன நடக்கிறது என்பது தெரியும். இரண்டாவதில் மனம் குழம்பும், கனவு மாதிரி இருக்கும், ஏதாவது உளறலாம், சொன்னால் கொஞ்சம் அசையலாம். மூன்றாவதில் தானாக நினைத்துச் செய்கிற அசைவு எதுவும் இருக்காது, ஆனால் கத்தி பட்டால் முனகலோ நெளிவோ வரலாம். நான்காவதில் தசைகள் தளர்ந்து மூச்சு மட்டும் சீராக ஓடும். ஐந்தாவதில் மூச்சே தடுமாறும். மிருகங்களிடம் சோதித்துப் பார்த்தபோது கண்ட படி அது, மனிதர் யாரும் அங்கே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அதை விவரித்தார். சர்ஜன் எப்போது கத்தியை எடுக்கலாம் என்பதற்கு அதுவரை ஊகத்தைத் தவிர வேறு வழி இல்லை. இப்போது கண்ணையும் மூச்சையும் தசையையும் பார்த்துச் சொல்ல முடிந்தது. மயக்கம் என்பது இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலை கிடையாது, அதற்கு ஆழம் உண்டு, அந்த ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று அடித்தளம் போட்ட வேலை இது.

அந்தப் புத்தகத்தின் மை காய்வதற்குள் குளோரோஃபார்ம் வந்துவிட்டது. 1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற பிரசவ மருத்துவர் அதை அறிமுகப்படுத்தினார். ஈதர் மாதிரி நெடி இல்லை, தொண்டை எரிச்சல் குறைவு, கொஞ்சம் போதும், கருவியே வேண்டாம், கைக்குட்டையில் ஊற்றி மூக்கருகே பிடித்தால் போதும் என்றார்கள். பிரிட்டனில் பெரும்பாலோர் ஈதரை ஓரம் கட்டினார்கள். இந்தச் சுலபம்தான் ஆபத்து என்பது சீக்கிரமே தெரிந்தது.

1848 ஜனவரி 28. நியூகாசில் அருகே வின்லட்டன் என்ற ஊரில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகம் ஒன்றை எடுக்க வேண்டும். சில மாதம் முன்பு இன்னொரு நகத்தை ஈதர் கொடுத்து எடுத்திருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை துணியில் சுமார் ஒரு டீஸ்பூன் குளோரோஃபார்ம். பெண் பயந்து அழுதுகொண்டிருந்தாள். துணியை முகத்தில் வைத்த சில நிமிஷத்தில் இறந்துவிட்டாள். குளோரோஃபார்ம் மரணம் என்று பதிவான முதல் சம்பவம் இதுதான். தெளிய வைக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும் மூச்சுக்குழாயை அடைத்ததால்தான் இறந்தாள் என்று சிம்ப்சன் வாதாடினார். ஸ்னோ ஒத்துக்கொள்ளவில்லை, காற்றில் ஆவி மிகையாக இருந்ததால் இதயம் நின்றது என்றார்.

அவர் வெறும் அபிப்பிராயமாக இதைச் சொல்லவில்லை. பெரிய கண்ணாடி ஜாடிகளில் இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு குளோரோஃபார்ம் என்று அளந்து விட்டு, எலி, பறவை போன்றவற்றை வைத்துச் சோதித்தார். காற்றில் 5 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ ஆவி இருந்தால், அளவு மீறும்போதுகூட முதலில் நிற்பது மூச்சு. இதயம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் செயற்கையாக மூச்சுக் கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. 8, 10 சதவீதம் என்று போனால் இதயமும் மூச்சும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றுவிடும், சுதாரிக்க நேரமே கிடைக்காது. துணியை எடுத்துவிட்டாலும், நுரையீரலுக்குள் ஏற்கெனவே நிற்கிற காட்டமான ஆவி ரத்தத்தில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். குளோரோஃபார்ம் 20 டிகிரியில் காற்றை முழுக்க நிறைத்தால் 20 சதவீதம் தாண்டிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். துணியில் ஊற்றி முகத்தில் போடுகிறவருக்கு 4 சதவீதம் போகிறதா 14 சதவீதம் போகிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஸ்னோ குளோரோஃபார்முக்கும் ஒரு கருவி செய்தார், அளந்த ஆவியைப் பெரிய பலூனில் அடைத்தும் கொடுத்துப் பார்த்தார். பாதுகாப்புக்கு அதுதான் சிறந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் பலூனை நிரப்புவது பெரிய பாடு. அவர் காலத்துக்குப் பிறகு 1862-இல் ஜோசப் கிளோவர் என்ற லண்டன் மருத்துவர் 4.5 சதவீதக் குளோரோஃபார்ம் நிரப்பிய பெரிய பையை முதுகில் போட்டுக்கொண்டு வேலை செய்தது இதே யோசனையில்தான்.

இதயமா மூச்சா என்ற சண்டை அதோடு ஓயவில்லை. நம் நாட்டுக்கே அது வந்தது. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் நிஜாமின் பண உதவியோடு 1888-இலும் 1889-இலும் இரண்டு ஆய்வுக் குழுக்களை நடத்தி, குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாகத் தாக்காது, மூச்சைக் கவனித்தாலே போதும் என்று அறிவித்தார். அது சரியில்லை என்பது 1911-இல் குட்மேன் லெவியின் சோதனைகளில் தெளிவானது. குளோரோஃபார்ம் மயக்கம் ஆழமாகாமல் இருக்கும் நேரத்தில் ரத்தத்தில் அட்ரினலின் ஏறினால் இதயம் துடிப்பு குலைந்து நின்றுவிடும் என்று அவர் காட்டினார். பயத்தில் சுரப்பதும் அட்ரினலின்தான். ஹன்னா அழுதுகொண்டிருந்தாள் என்பதை இப்போது படிக்கும்போது வேறு மாதிரி புரிகிறது. இதயம் என்று ஸ்னோ கை வைத்த இடம் சரி, அட்ரினலின் என்ற பொருளை யாரும் பிரித்தெடுக்காத காலத்தில் அவர் அந்த மீதிக் காரணத்தைப் பார்த்திருக்க முடியாது.

ஒரே நேரத்தில் இன்னும் பல மருந்துகளையும் அவர் ஆராய்ந்தார். ரத்தத்தில் எளிதில் கரையாத ஆவிக்கு, மிகக் குறைந்த அளவிலேயே மயக்கும் சக்தி இருக்கிறது என்று ஒரு பொது விதியை முன்வைத்தார். வெளியே விட்ட மூச்சில் இன்னும் மருந்து மிச்சமிருக்கிறதே என்று, அதிலுள்ள கரியமில வாயுவைக் காஸ்டிக் பொட்டாஷில் உறிஞ்ச விட்டு, அதே காற்றைத் திரும்ப இழுத்துத் தன் மீதே சோதித்தார். இன்றைய மயக்க மருந்து மிஷினில் சோடா லைம் நிரப்பிய டப்பா செய்வது அதே வேலை. 1856 கடைசியில் அமிலீன் என்ற புது மருந்தைக் கொண்டுவந்தார், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இரண்டு நோயாளிகள் இறந்ததும் அவரே அதை வெளிப்படையாக எழுதிவிட்டு நிறுத்திவிட்டார். புதிய மருந்தைக் கொண்டுவந்தவரே இப்படிச் செய்வதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

சரி, இன்று என்ன நிலை? ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து மிஷின் மேல் வேப்பரைசர் என்று ஒன்று இருக்கும், அதன் குமிழைத் திருப்பினால் 1, 2, 3 என்று சதவீத எண்கள். உள்ளே மருந்து குளிர்ந்தாலும் வெளியே போகும் ஆவி மாறாதபடி அதுவே ஈடுகட்டிக்கொள்ளும். 1960களில் எட்மண்ட் ஈகரும் சகாக்களும் ஒரு அளவுகோல் வகுத்தார்கள்: கத்தி பட்டும் பாதிப் பேர் அசையாமல் இருக்க நுரையீரலில் எத்தனை சதவீதம் ஆவி வேண்டும் என்பது. இப்போது அதிகம் பயன்படும் செவோஃப்ளூரேனுக்கு நடுவயதுக்காரர்களிடம் அது ஏறக்குறைய 2. மருந்துகள் மாறிவிட்டன, குளோரோஃபார்ம் வழக்கொழிந்தே போயிற்று. கேட்கிற கேள்வி 1847 ஜனவரியில் கேட்டதுதான்.

1848 முதல் சாகும் வரை, தான் யாருக்கு என்ன ஆபரேஷனுக்கு எப்படி மருந்து கொடுத்தோம் என்று ஸ்னோ குறிப்பேடுகள் எழுதி வைத்தார். குளோரோஃபார்ம் மட்டுமே 4,000 பேருக்கு மேல். பல் பிடுங்க வந்தவர்கள், மார்பகக் கட்டிக்காரர்கள், பிளந்த உதட்டோடு பிறந்த கைக்குழந்தைகள் எல்லோரும் அதில் வருகிறார்கள். 1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா மகாராணி எட்டாவது பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார், கொடுத்தவர் ஸ்னோ. 53 நிமிஷம், வலி வரும் நேரங்களில் மட்டும் கைக்குட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக, நினைவு தப்பாத அளவுக்கு. ராணிக்கு அது ரொம்பவே பிடித்துப்போனதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார், 1857-இல் கடைசிக் குழந்தைக்கும் ஸ்னோவையே கூப்பிட்டார். லான்செட் என்ற மருத்துவ இதழ் இதைக் கேட்டுக் கோபப்பட்டது, சாதாரணப் பிரசவத்துக்கு எதற்கு இந்த ஆபத்து என்று. பிரசவ வலிக்கு மருந்து கேட்பதில் தப்பில்லை என்று சாதாரணப் பெண்களுக்கும் தைரியம் வந்ததில் இந்தப் பிரசவத்துக்குப் பங்கு உண்டு.

காலரா கதைக்கும் இதற்கும் இருக்கிற தொடர்பைப் பலர் சொல்வதில்லை. அன்று எல்லோரும் நம்பியது, அழுகலிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று. ஸ்னோ வாயுக்களோடு குடித்தனம் நடத்தியவர். வாயு பரவப் பரவ நீர்த்துப்போகும், மூச்சில் போனால் எவ்வளவு போனதோ அதற்கேற்ப வேலை செய்யும், அதுவும் உடம்பு முழுக்க. காலராவோ குடலில் ஆரம்பிக்கிறது, ஒரு வீட்டைத் தாக்கி அடுத்த வீட்டை விட்டுவிடுகிறது. காற்றில் வந்தால் இப்படி இருக்காது, வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்று 1849-இலேயே எழுதினார். 1854-இல் சோஹோவின் பிராடு தெருப் பக்கம் பத்தே நாளில் 500-க்கு மேல் இறந்தபோது வீடு வீடாக விசாரித்து, தெருப் பம்பைக் காட்டினார். செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். மறு வருஷம் பாராளுமன்றக் குழு முன்பும், நாற்றமடிக்கும் தொழிற்கூடங்களால் கொள்ளை நோய் வருவதில்லை என்று சாட்சி சொன்னார். லான்செட் அதற்கும் அவரைக் காய்ச்சி எடுத்தது.

1858 ஜூனில், குளோரோஃபார்ம் பற்றிய பெரிய புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் தாக்கியது. ஜூன் 16 அன்று இறந்தார், வயது 45, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிச்சர்ட்சன் அந்தப் புத்தகத்தை அதே வருஷம் வெளியிட்டார். அதில் பதிவான 50 குளோரோஃபார்ம் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எப்படிக் கொடுத்தார்கள், நாடி எப்போது நின்றது, மூச்சு எப்போது நின்றது என்று ஸ்னோ அலசியிருக்கிறார். மயக்கவியல் படிப்பவர்கள் இதையாவது ஒருமுறை வாசிக்க வேண்டும். லான்செட் அவர் மறைவுக்கு ஒதுக்கியது சில வரிகள்தான், அதில் குளோரோஃபார்ம் ஆராய்ச்சியைக் குறிப்பிட்டது, காலராவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2013-இல், அவர் பிறந்து 200 வருஷம் ஆனபோது, அதே லான்செட் திருத்தம் ஒன்றை வெளியிட்டு, விட்டுப்போனதைச் சேர்த்துக்கொண்டது.